கேன்சர் எப்படி பரவுதுன்னு வீட்டு ஆளுங்களுக்கு பஸ் பார்சல் வச்சு சொல்றது எப்படி

எங்க அத்தைக்கு நுரையீரல் கேன்சர்னு தெரிஞ்சதும் வீட்ல ரெண்டே கேள்வி தான். சுருட்டு வாடையே ஆகாத மனுஷிக்கு இது எப்படி வந்துச்சு, நெஞ்சுல இருந்தது எலும்புக்கு எப்படி போச்சு. ரங்கூன் டீக்கடைல ஒரு பில்லு பின்னாடி படம் போட்டு தான் சொன்னேன், நீங்களும் படம் போடுங்க, வாயால சொன்னா யாருக்கும் ஏறாது.

முதல்ல ஒரு வட்டம், அது செல். அது மேல ஒரு காலிங் பெல் சுவிட்ச், பேரு இ.ஜி.எஃப்.ஆர். வெளிய இருந்து ஒரு புரதம் வந்து அமுக்குனா தான் மணி அடிக்கும், செல் பெருகும். அதோட ஜீன்ல எக்ஸான் 19-னு ஒரு பகுதில கொஞ்சம் அறுந்து போனாலோ, எல்858ஆர்னு ஒரு மாற்றம் வந்தாலோ சுவிட்ச் உள்ளயே மாட்டிக்கும், மணி நிக்கவே நிக்காது. ஆசியா பக்கம் புகை பிடிக்காத பொம்பளைங்களுக்கு வர்ற கேன்சர்ல இது நிறைய, அத்தைக்கும் அதே தான். ஆசிமெர்டினிப் மாத்திரை அந்த சுவிட்ச்சை தான் பிடிச்சு நிறுத்துது.

அடுத்து பார்சல், இங்க அவசரப்படாதீங்க. ரங்கூன் ஆங் மிங்கலா பஸ் ஸ்டாண்டுல பை கட்டி, மேல பேரு எழுதி, மோல்மீன் ஊருக்கு போட்டு விடுறோம்ல, கேன்சர் செல்லும் அப்படி தான் 30-லேருந்து 150 நானோமீட்டர் சைஸ்ல எக்ஸோசோம்னு குட்டி குட்டி பையா வெளிய அனுப்புது, உள்ள புரதம், ஜீன் வேலையை கூட்டி குறைக்கற மைக்ரோ ஆர்என்ஏ எல்லாம் இருக்கும். பை மேல இருக்கற இன்டெக்ரின்ங்கற புரதம் தான் விலாசம், அதுல பல வகை இருக்கு. 2015-ல வேற கேன்சர்களை வச்சு எலில பார்த்தாங்க, ஆல்பா-வி பீட்டா-5 வகை இருந்த பை கல்லீரலுக்கு போச்சு, ஆல்பா-6 பீட்டா-4 இருந்தது நுரையீரலுக்கு. பை முன்னாடி போய் இடத்தை பண்படுத்தி வைக்கும், செல் பின்னாடி வந்து குந்திக்கும். சில பையில பிடி-எல்1-னு ஒரு புரதம் ஒட்டிருக்கும், அது கேன்சரை எதிர்த்து அடிக்கற நம்ம டி செல்லை சும்மா உக்கார வச்சிடும், வாட்ச்மேனுக்கு காசு குடுத்த மாதிரி.

ஒரு தப்பு பண்ணிட்டேன். "பை வெளிய வரும்"னு சொன்னேனா, மறுநாளே பெரியம்மா அத்தையோட டம்ளரை தனியா எடுத்து வச்சுட்டாங்க. டிபி பார்த்து பழகின ஊரு, அவங்களை என்ன சொல்றது. அதனால முதல்லயே சொல்லிடுங்க, அது உடம்புக்குள்ள தான் சுத்தும், இருமுனாலும் தொட்டாலும் யாருக்கும் ஒட்டாது. நல்ல செல்லும் பை விடும்னும் சொல்லுங்க, 1980-கள்ல இதை கவனிச்சதே வளர்ந்துட்டு இருக்கற சிவப்பணுல தான்.

ஃபேஸ்புக்ல எவனாவது எக்ஸோசோம் டிரிப் போட்டா கேன்சர் போயிடும்னு சொன்னா பர்ஸை மூடிக்கோங்க, எக்ஸோசோம் ஊசி வியாபாரத்தை பத்தி அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ 2019-லயே எச்சரிச்சாச்சு. அந்த காசுக்கு இ.ஜி.எஃப்.ஆர் டெஸ்ட் எடுத்தாச்சான்னு டாக்டர்கிட்ட கேளுங்க, மாத்திரை கேக்காம போனா ஜீன் மாற்றத்தை ரத்தத்துலயே திரும்ப பார்க்க முடியுமான்னும் கேட்டு வச்சுக்கோங்க.