உளவியலா, பொருளியலா: பதினொன்றாம் வகுப்பில் சேரும் முன் பார்க்க வேண்டியவை

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த மறுநாளே மதுரை வீடுகளில் எந்தக் குரூப் எடுப்பது என்ற பேச்சு தொடங்கிவிடுகிறது. அறிவியல் வேண்டாம் என்று ஒதுக்கிய பிள்ளைகள் கடைசியில் வந்து நிற்பது பெரும்பாலும் உளவியலுக்கும் பொருளியலுக்கும் இடையில்தான். பல ஆண்டுகள் பள்ளியில் பொருளியல் நடத்தியவன் என்பதால் என் தராசு சற்று ஒரு பக்கம் சாயக்கூடும். படிப்பவர்கள் அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளலாம்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, நீங்கள் சேரவிருக்கும் பள்ளியில் இந்தத் தேர்வுக்கே இடம் இருக்கிறதா என்பது. மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளில் பொருளியல், வணிகவியலோடும் கணக்குப்பதிவியலோடும் சேர்ந்து இயல்பாகவே வந்துவிடும். உளவியலைத் தனிப் பாடமாக எடுக்கும் வாய்ப்பு பெரும்பாலும் சிபிஎஸ்இ பள்ளிகளில்தான் கிடைக்கிறது. அங்கும் விண்ணப்பப் படிவத்தில் பாடத்தின் பெயர் அச்சாகியிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். அந்தப் பாடத்துக்கென்றே படித்த ஆசிரியர் இருக்கிறாரா, சென்ற ஆண்டு எத்தனை பேர் அதைப் படித்தார்கள் என்று அலுவலகத்தில் கேளுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் உளவியல் ஆசிரியர் ஆண்டின் நடுவே விலகிவிட, ஆங்கில ஆசிரியரே புத்தகத்தை வரிவரியாக வாசித்து ஒப்பேற்றினார். அந்த வகுப்புப் பிள்ளைகளுக்கு அந்தப் பாடத்தின் மீது இருந்த ஆசையே போய்விட்டது.

அடுத்து, பாடத்தின் பெயரை மறந்துவிட்டு, அதைப் படிப்பவர் தினமும் என்ன வேலை செய்ய வேண்டியிருக்கும் என்று பாருங்கள். சிபிஎஸ்இ பள்ளிகளில் படிக்கும் என்சிஇஆர்டி பாடப் புத்தகங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பதினொன்றாம் வகுப்பு உளவியலில் நினைவாற்றல் பற்றிய பாடத்தையும், பொருளியலில் நுகர்வோரின் தேவை பற்றிய பாடத்தையும் ஒரே மாலையில் வாசித்துவிட்டு, மறுநாள் காலை புத்தகத்தைத் திறக்காமல் இரண்டிலிருந்தும் ஒவ்வொரு பக்கம் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். உளவியலில் கலைச்சொற்கள் அதிகம். அவற்றின் நுண்ணிய வேறுபாடுகளைச் சொந்த நடையில் விளக்கி நீண்ட விடை எழுத வேண்டும். பொருளியலில் வரைபடம் போட வேண்டும், கணக்கும் போட வேண்டும். பதினொன்றாம் வகுப்பில் பாதிப் பாடம் புள்ளியியல். சராசரி, இடைநிலை, ஒட்டுறவு, குறியீட்டு எண் என்று அது நீளும். பன்னிரண்டில் தேசிய வருமானக் கணக்குகள் வந்து சேரும். எண்களைக் கண்டு ஒதுங்கும் பிள்ளை இதைத் தெரியாமல் உள்ளே வந்துவிட்டால், அரையாண்டுத் தேர்வில்தான் விழித்துக்கொள்ளும்.

பிள்ளையின் மனம் எந்தப் பக்கம் போகிறது என்று அறிய நான் வழக்கமாகச் சொல்லும் பயிற்சி ஒன்று உண்டு. முகூர்த்த நாளுக்கு முந்தைய நாள் விடியற்காலையில் பிள்ளையை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு அழைத்துச் சென்று அரைமணி நேரம் சும்மா நிற்க வையுங்கள். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் மல்லிகையின் விலை அன்று ஏறித்தான் இருக்கும். பனிக்காலத்தில் வரத்து குறைந்திருந்தால் இன்னும் ஏறும். கல்யாண வீட்டுக்காரர் அந்த விலைக்கும் வாங்கிவிடுகிறார், அன்றாடம் தலைக்கு வைக்க வாங்கும் அம்மா பிச்சிக்கு மாறிவிடுகிறார். ஒரே விலையேற்றத்துக்கு இருவரும் ஏன் வேறுவேறாக நடந்துகொள்கிறார்கள் என்று கேட்கும் பிள்ளை, விலை மாறும்போது வாங்கும் அளவு எவ்வளவு மாறுகிறது என்று பார்க்கும் தேவை நெகிழ்ச்சி என்ற பாடத்தின் வாசலில் நிற்கிறது. அதே இடத்தில், வியாபாரி முதலில் ஒரு பெரிய விலையைச் சொல்லிப் பிறகு குறைத்ததும் வாங்குபவர் லாபம் கிடைத்ததுபோல் ஏன் மகிழ்கிறார் என்று கேட்கும் பிள்ளைக்கு உளவியல் பிடிக்கும். இரண்டு கேள்விகளையும் கேட்டால் என்ன செய்வது என்று கேட்கிறீர்களா? உளவியலாளரான டேனியல் கானமன் 2002-இல் பெற்றது பொருளியலுக்கான நோபல் பரிசு. சில பள்ளிகளில் இரண்டையும் சேர்த்தே எடுக்கலாம். அந்த வாய்ப்பு இருந்தால் விட வேண்டாம்.

மதிப்பெண் பிரிப்பிலும் வேறுபாடு உண்டு. சிபிஎஸ்இ-யில் உளவியலுக்கு எழுத்துத் தேர்வு 70, செய்முறை 30. பொருளியலுக்கு எழுத்துத் தேர்வு 80, திட்டப்பணி 20. உளவியல் செய்முறை எளிதாக மதிப்பெண் தரும் என்று பலர் எண்ணுகிறார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் நுண்ணறிவு, ஆளுமை போன்றவற்றுக்கான சோதனைகளை ஒருவருக்கு நடத்தி, அவர் பெற்ற மதிப்பெண்ணைக் கையேட்டின் அட்டவணையோடு ஒப்பிட்டு, அதன் பொருளை நிதானமாக எழுத வேண்டும். தனிநபர் ஒருவரைப் பற்றிய விவர அறிக்கையும் தயாரிக்க வேண்டும். அதில் அவர் யாரென்று தெரியாதபடி எழுதும் பக்குவம் தேவை. பக்கத்து வீட்டு அக்காவின் கதையைத் தெருவெல்லாம் சொல்லித் திரியும் பிள்ளைக்கு இது நல்ல பயிற்சி என்றும் சொல்லலாம்.

வேலையைப் பற்றிய பேச்சில்தான் குழப்பம் அதிகம். திருமங்கலத்திலிருந்து மகளோடு வந்த ஒருவர், "சார், சைக்காலஜி படிச்சா பைத்தியத்துக்கு வைத்தியம் பாக்குற டாக்டர் ஆயிரலாம்ல?" என்று கேட்டார். மருந்து எழுதித் தரும் மனநல மருத்துவர் ஆவதற்கு எம்பிபிஎஸ் முடித்து அதன்பின் மேற்படிப்பும் படிக்க வேண்டும். அதற்குப் பள்ளியில் எடுக்க வேண்டியவை இயற்பியல், வேதியியல், உயிரியல். மருத்துவ உளவியலாளர் என்பது வேறு. அதற்குச் சாதாரண இளங்கலைப் பட்டம் போதாது, மேற்படிப்பும் பயிற்சியும் பெற்று, இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு செய்ய வேண்டும். நீண்ட பாதை என்பதை வீட்டில் எல்லோரும் முன்கூட்டியே ஒப்புக்கொள்வது நல்லது. பெரும்பாலான கல்லூரிகளில், பள்ளியில் உளவியல் படிக்காதவர்களும் இளங்கலை உளவியலில் சேரலாம் என்பதால், இப்போது விட்டால் கதவு மூடிவிடும் என்று பதற வேண்டியதில்லை.

பொருளியலில் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. நம் ஊர்க் கல்லூரிகளில் பி.ஏ. பொருளியலில் சேரக் கணிதம் பொதுவாகக் கேட்பதில்லை. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் பொருளியல் ஆனர்ஸ் படிப்புக்கோ நுழைவுத்தேர்வில் கணிதமும் எழுதியாக வேண்டும். மேற்படிப்பு ஏறஏற கணிதத்தின் பங்கும் ஏறும். ஆகவே வெளியூர் போய்ப் பொருளியல் படிக்கும் எண்ணம் சிறிதளவேனும் இருந்தால், பொருளியலோடு கணிதத்தையும் சேர்த்துத் தரும் தொகுப்பைத் தேடுங்கள். குடிமைப் பணித் தேர்வின் விருப்பப் பாடப் பட்டியலில் இரண்டுமே இருப்பதால், அதை முன்னிட்டு இப்போதே முடிவெடுக்கத் தேவையில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் மனம் ஊசலாடினால், சேர்க்கையின்போதே எந்தத் தேதி வரை பாடத்தை மாற்றிக்கொள்ளலாம் என்று பள்ளியில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு வாரம் வகுப்பில் உட்கார்ந்த பிறகு, வீட்டுப்பாடம் எழுத எந்த நோட்டுப் புத்தகத்தைப் பிள்ளை தானாக முதலில் எடுக்கிறது என்று, அதனிடம் எதுவும் கேட்காமல், கவனித்துப் பாருங்கள்.