அரசுப் பள்ளியின் பாதுகாப்பைப் பெற்றோர் கண்காணிக்கும் முறை

கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று ஒரு பள்ளி வளாகத்தில் 94 குழந்தைகளைத் தீ பலி கொண்டபோது, அதைப் பெரிதாக்கிய கீற்றுக் கூரையும் குறுகலான படிக்கட்டும் அதுவரை மறைந்திருந்தவை அல்ல. அன்றாடம் பலர் பார்த்துக் கடந்தவைதாம். பார்த்ததை எழுத்தில் பதிந்து, அதற்குப் பதில் கேட்கும் பொறுப்பு யாருக்காவது இருக்க வேண்டும். அரசுப் பள்ளிகளில் அந்த இடம் பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு உரியது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும்.

ஜூனில் பள்ளி திறப்பதற்கு முன்பும், வடகிழக்குப் பருவமழைக்கு முன்பும் குழுவினர் தலைமையாசிரியருடன் வளாகம் முழுவதையும் ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும். வகுப்பறைகளைவிடக் கழிப்பறையின் பின்பக்கம், சுற்றுச்சுவர், பயன்பாட்டில் இல்லாத பழைய கட்டடம் ஆகியவற்றுக்கே அதிக நேரம் ஒதுக்குவது நல்லது, ஏனெனில் பெரியவர்கள் போகாத இடங்களில்தான் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். காரை பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரியும் கூரை, சாய்ந்த சுவர், மூடி உடைந்த கழிவுநீர்த் தொட்டி, கைக்கு எட்டும் மின்கம்பி, சத்துணவுக் கூடத்தில் எரிவாயு உருளை இருக்கும் இடம் ஆகியவற்றைக் கைப்பேசியில் படமெடுத்து, தேதியுடன் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றுங்கள். ஊராட்சி ஒன்றியப் பள்ளியென்றால் தீர்மான நகலை ஒன்றிய அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை பெறுவதோடு, கிராம சபையிலும் அதை எழுப்பலாம். வாய்மொழியாகச் சொன்ன குறை, அதிகாரி மாறியதும் மறைந்துவிடும். பழுது சரியாகும்வரை அந்த அறையைப் பூட்டி வைக்கச் சொல்லத் தயங்க வேண்டாம். மரத்தடி வகுப்பால் வரும் அசௌகரியம் பெரிதன்று.

வெளியாட்களின் வருகையைப் பதிவேட்டில் குறிப்பதும், பள்ளி விடும் நேரத்தில் சாலையைக் கடக்க உதவ ஒருவரை நிறுத்துவதும் செலவில்லாதவை, உடனே தொடங்கக்கூடியவை.

கட்டடத்தைவிடக் கடினமானது பாலியல் தொல்லை பற்றிய புகார். குழந்தை ஏதேனும் சொன்னால், குறுக்கிடாமல் கேட்டு, அது பயன்படுத்திய சொற்களிலேயே குறித்துக்கொள்ளுங்கள். ஆசிரியர்கள் வரிசையாக அழைத்துத் திரும்பத் திரும்ப விசாரிக்க இடம் கொடுக்காதீர்கள். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் போக்சோ சட்டம், 2012இன்படி, குற்றம் நடந்தது தெரிந்தவர் மட்டுமன்றி, நடக்கக்கூடும் என்று அஞ்சுபவரும் காவல் துறைக்குத் தகவல் தரக் கடமைப்பட்டவர். தமக்குக் கீழ் பணியாற்றுபவர் செய்த குற்றத்தைத் தெரிவிக்காத நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. ஆகவே, பள்ளிக்குள்ளேயே விசாரித்து முடித்துக்கொள்ளலாம் என்று யாரேனும் சொன்னால், அதற்குச் சட்டத்தில் இடமில்லை என்பதை எடுத்துச் சொல்லி, அருகிலுள்ள காவல் நிலையத்துக்குச் செல்லுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் அழைக்கலாம். குழந்தையின் பெயரோ படமோ வாட்ஸ்அப் குழுக்களில் பரவாமல் பார்த்துக்கொள்வதும் குழுவின் வேலையே.

புகாருக்குள்ளானவரை வேறு பள்ளிக்கு இடமாற்றம் செய்துவிட்டதாகச் சொல்லப்பட்டால் அதோடு கலைந்துவிடாதீர்கள். அந்தப் புதிய பள்ளியிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள்; முதல் தகவல் அறிக்கை பதிவானதா என்று கேட்டு, அதன் நகலைக் குழந்தையின் பெற்றோர் கையில் சேர்ப்பியுங்கள்.