மாடி ஒழுகலும் வக்கீல் நோட்டீஸும்

காண்ட்ராக்டர் கட்டிக் கொடுத்த மொட்டைமாடி ஒழுகினால் உடனே வேறு ஆளை வைத்துப் பூசிவிடாதீர்கள். ஆதாரமே அந்த ஒழுகல்தான். மழைநீர்க் குழாய் வாயை அடைத்து, 2 அங்குலம் தண்ணீர் கட்டி 48 மணி நேரம் விடுங்கள். கீழே ஈரம் படரும் இடங்களைப் படமெடுத்து, பொறியாளரிடம் காரணத்தையும் சரிசெய்யும் செலவையும் எழுதி வாங்குங்கள். "தட்டோட்டுக்கு வாட்டம் இல்லை" (மாடியில் பதித்த ஓட்டுக்குத் தண்ணீர் வடியும் சரிவு இல்லை) என்று பொறியாளர் எழுதிய ஒற்றை வரிதான் எனக்கு உதவியது. 15 நாள் கெடு வைத்து வக்கீல் நோட்டீஸ் போனதும், காண்ட்ராக்டர் தட்டோட்டைப் பெயர்த்து, குழாய் பக்கம் வாட்டம் கொடுத்து மறுபடி பதித்தார்.

நோட்டீஸுக்கும் காண்ட்ராக்டர் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார். கொடுத்த பணம் 50 லட்சம் வரை என்றால் அங்கேதான். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். ஆனால் 2 ஆண்டுக்குள் போட வேண்டும். "பண்ணித் தர்றேன் சார்" என்று அவர் இழுப்பதில் கரைவது அந்தக் காலம்தான். ரொக்கமாகக் கொடுத்த பணத்துக்கு ரசீது இல்லையென்றால், தொகையை ஒப்புக்கொண்ட வாட்ஸாப் செய்திகளை அழிக்காமல் வையுங்கள்.