செஸ் பொறிகளைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எம்எஸ்எஸ்டி (மலேசிய மாவட்டப் பள்ளி விளையாட்டு மன்ற) போட்டிக்குத் தயாராகும் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள், செந்தூலானாலும் பினாங்கானாலும், தொடக்கப் பொறிகளை, அதாவது ஆட்டத் தொடக்கத்திலேயே எதிராளியைச் சிக்கவைக்கும் நகர்வுத் தொடர்களை, வாய்ப்பாடு போல ஒப்பிக்கிறார்கள். நகர்வு வரிசை அத்துப்படி. அந்தப் பொறி எந்தக் காயின் பலத்தில் நிற்கிறது என்று கேட்டால் பதில் வராது. பெரிய தவறு அதுதான். ஒரு கட்டம் மாறினாலே பொறி வைத்தவர் விழுந்துவிடுவார்.

18ஆம் நூற்றாண்டுப் பாரிஸ் ஆட்டக்காரர் லெகால் பெயரில் வழங்கும் செக்மேட்டைப் பாருங்கள். வெள்ளைச் சிப்பாய் இ4 கட்டத்துக்கு, கறுப்புச் சிப்பாய் இ5-க்கு. குதிரை எஃப்3, குதிரை சி6. பிஷப் சி4, சிப்பாய் டி6. குதிரை சி3, பிஷப் ஜி4. கறுப்பு பிஷப் எஃப்3 குதிரையைக் கட்டிப்போட்டிருக்கிறது: அது நகர்ந்தால் பின்னால் நிற்கும் ராணி வெட்டுப்படும். புத்தக ஞாபகத்தில், ராணி போனாலும் போகட்டும் என்று அந்தக் குதிரையால் இ5 சிப்பாயை வெட்டினால்? எதிராளி உங்கள் ராணியைத் தொடவே மாட்டார். சி6 குதிரையால் உங்கள் குதிரையை வெட்டுவார். இ5-இல் வந்து உட்கார்ந்த அதே குதிரை ஜி4 பிஷப்புக்கும் காவல். ஒரு சிப்பாய்க்கு ஒரு குதிரை போச்சு.

இப்போது முதலில் சிப்பாயை எச்3-க்கு ஆடிப் பாருங்கள். பிஷப் எச்5-க்குப் பின்வாங்கினால் தாராளமாக இ5-ஐ வெட்டலாம். அவர் ராணியை எடுத்தால், பிஷப்பால் எஃப்7-ஐ வெட்டி செக், ராஜா இ7, குதிரை டி5, செக்மேட். குதிரையை எடுத்தால், உங்கள் ராணி எச்5 பிஷப்பை வெட்டும். இ5 குதிரையின் காவல் எச்5 வரை எட்டாது. பதிலுக்கு அவர் சி4 பிஷப்பை வெட்டினாலும் ராணி பி5-இல் செக் வைத்து, சி4 குதிரையைத் தூக்கிவிடும். கணக்கில் ஒரு சிப்பாய் லாபம். கறுப்பு செய்த பிழை, எச்5-க்குப் போனது, எஃப்3-ஐ வெட்டியிருக்கலாம். இப்படிச் சில நகர்வுகளிலேயே முடியும் குறு ஆட்டங்களைப் பார்க்கும்போது தோற்றவர் எந்த நகர்வில் தப்பியிருக்கலாம் என்று தேடாமல் பக்கத்தைப் புரட்டாதீர்கள்.

எதிராளி அப்படி எஃப்3-ஐ வெட்டினாலும், ராணியால் திரும்ப வெட்டிய உங்கள் நிலை நன்றாகவே இருக்கும். பிளாக்பர்ன் ஷில்லிங் கேம்பிட் என்ற பொறி அப்படியல்ல. அதே தொடக்கத்தில், வெள்ளை பிஷப் சி4-க்கு வந்ததும், மூன்றாவது நகர்வில் கறுப்புக் குதிரை டி4-க்குப் பாயும். வெள்ளை ஆசைப்பட்டு இ5-ஐ எடுத்தால் கறுப்பு ராணி ஜி5-க்கு வந்து பாடாய்ப் படுத்தும். ஆனால் வெள்ளை அந்த டி4 குதிரையை வெட்டிவிட்டால் போதும்: சிப்பாயால் திரும்ப வெட்டிய கறுப்புக்கு வெளியே வந்த காய் ஒன்றுகூட மிஞ்சாது. விழாத எதிராளியிடம் நம் நிலையைக் கெடுக்கும் இப்படிப்பட்ட பொறிகளைப் போட்டியில் வைக்கவே கூடாது.

புதிர்ப் பயிற்சியில், 'ஃபோர்க்' (ஒரே காய் ஒரே நேரத்தில் இரண்டு காய்களைத் தாக்குவது) என்ற தலைப்பின் கீழ் அடுக்கிய புதிர்களை மட்டும் போடுவது ஏமாற்று. தலைப்பே பாதி விடை. கலந்த புதிர்களைப் போடுங்கள், காயைத் தொடாமல். போட்டியில் தொட்ட காயை ஆடியே ஆகவேண்டுமே. எதிராளியின் பலமான பதிலையும் தாளில் எழுதிய பிறகே விடையைப் பாருங்கள். அதுவரை கணினி செஸ் எஞ்சின் வேண்டாம்.

பினாங்கு சௌராஸ்தா மார்க்கெட் மாடியில் பழைய செஸ் புத்தகம் வாங்கினால், 'பி-கே4' (சிப்பாய், ராஜா வரிசையின் நான்காம் கட்டத்துக்கு) பாணிக் குறியீடா என்று முதலில் புரட்டிப் பாருங்கள். அதில் அவரவர் பக்கத்திலிருந்து கட்டத்தை எண்ணுவார்கள். வெள்ளையின் கே4 நம் இ4, கறுப்பின் கே4 நம் இ5. மாற்றி எழுதாமல் அவசரமாகப் படித்தால் கறுப்புக் காய்கள் எல்லாம் தப்பான கட்டத்தில் போய் நிற்கும்.