ஃபேஸ்லிஃப்ட் முடிந்த அன்றே செக்போஸ்ட் தாண்டாதீர்கள்

கேரள எல்லையோரம், பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், சித்தூர் பக்கத்தில் இருக்கும் நமக்குப் பெரிய ஆஸ்பத்திரி என்றால் கோவைதான். காலையில் போய்ச் சாயங்காலம் வீடு திரும்பிப் பழகிவிட்டோம். தொங்கிப்போன கன்னத்தையும் கழுத்தையும் இழுத்துத் தைக்கும் ஃபேஸ்லிஃப்டுக்கும், இறங்கிய புருவத்தை ஏற்றும் ப்ரோ லிஃப்டுக்கும் அதே பழக்கத்தில் போவதுதான் நான் பார்த்த பெரிய தவறு.

ஃபேஸ்லிஃப்டில் அதிகம் வரும் சிக்கல், தோலுக்கு அடியில் ரத்தம் தேங்குவது. பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள் வந்துவிடும். ஆண்களுக்கும் பிரஷர் உள்ளவர்களுக்கும் வாய்ப்பு கூடுதல். இரு பக்கமும் ஒன்றுபோல லேசாக வீங்கினால் பெரும்பாலும் பயமில்லை. ஒரு பக்கம் மட்டும் திடீரென்று புடைத்து, இறுகி, வலி ஏறிக்கொண்டே போனால் உடனே சர்ஜன் பார்த்தாக வேண்டும். தேங்கிய ரத்தத்தை எடுக்காவிட்டால் மேலே உள்ள தோல் ரத்த ஓட்டமின்றிக் கருகிவிடலாம். என் சித்தி பிடிவாதமாக அன்று மாலையே வீட்டுக்கு வந்துவிட்டார். இரவில் இடது கன்னம் புடைத்தது. “வீக்கம்தானே, விடியட்டும்” என்று வீட்டில் சொன்னார்கள். நல்லவேளை, சித்தப்பா கேட்கவில்லை, அப்போதே காரை எடுத்தார். ஆகவே முதல் ஒன்றிரண்டு இரவு ஆஸ்பத்திரியிலோ, பக்கத்திலேயே அறை எடுத்தோ தங்குங்கள். தலையை உயர்த்தி வைத்துப் படுங்கள். குனிவது, குடம் தூக்குவது, முக்குவது எல்லாம் முகத்தில் ரத்த அழுத்தத்தை ஏற்றும்.

அடுத்தது புகையிலை. பீடி, சிகரெட் மட்டும் அல்ல, வெற்றிலையோடு அடக்கிக்கொள்வதும் கணக்குத்தான். நிக்கோடின் சின்ன ரத்தக்குழாய்களைச் சுருக்கிவிடும். காதுக்குப் பின்னால் இழுத்துத் தைத்த தோல்தான் முதலில் கெடும். குறைந்தது 4 வாரம் முன்பே நிறுத்துங்கள், ஆறும்வரை தொடாதீர்கள். சர்ஜனிடம் மறைக்கவே கூடாது. ஆஸ்பிரின், இபுப்ரோஃபென், வைட்டமின் ஈ, மீன் எண்ணெய் மாத்திரைகள் ரத்தக்கசிவைக் கூட்டலாம். அதற்காக, இதயத்துக்குத் தந்த ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், எழுதித் தந்த டாக்டரைக் கேளுங்கள். கள்ளும் அந்த நாட்களில் வேண்டாம்.

நம் பக்கத்தில் உடம்புக்கு எது என்றாலும் எண்ணெய் காய்ச்சித் தேய்ப்போம், சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுப்போம். இங்கே அதுதான் ஆபத்து. கன்னம், காதுமடல், ப்ரோ லிஃப்ட் என்றால் உச்சந்தலை வரை பல வாரம், சில சமயம் பல மாதம் மரத்திருக்கும். சூடு தெரியாமல் தோல் வெந்துபோகும். ஹேர் டிரையரும் அப்படித்தான். உணர்வு திரும்பும்போது தலை அரிக்கும், சொறியாதீர்கள். சர்ஜன் சொல்லும்வரை எண்ணெய், ஆவி, மசாஜ் எதுவும் வேண்டாம்.

சரி, போகும் முன்னே நடக்கும் தவறும் உண்டு. மெல்லிய சுருக்கமும் வெயில் கருமையும் ஃபேஸ்லிஃப்டில் போகாது. கண் கனத்துத் தெரிவது புருவம் இறங்கியதாலா, இமைத்தோல் தொங்கியதாலா என்று கேட்டுத் தெளியுங்கள், இரண்டுக்கும் ஆபரேஷன் வேறு. பார்லர்காரர் பரிந்துரையை நம்பாமல், பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். அல்லது டி.என்.பி. (இப்போது டிஆர்.என்.பி.) என்ற மேற்படிப்பு படித்தவரா என்று பாருங்கள்.

வீட்டில் கல்யாணம் வைத்திருந்தால் முகூர்த்தத் தேதியை முதல் நாளே சர்ஜனிடம் சொல்லுங்கள். 10 நாளுக்குள் தையல் பிரித்துவிடுவார்கள்தான். ஆனால் கன்றிய நீலம் மறைய இரண்டு மூன்று வாரம் ஆகும், மீதி வீக்கம் மெதுவாகத்தான் வடியும். இரண்டு மூன்று மாதம் இடைவெளி இருக்கட்டும்.