சால்டரிங்கில் சூட்டைக் கூட்டுவதற்கு முன்

சர்க்யூட் போர்டு, சால்டரை உருக்கும் ஓவனிலிருந்து வெளியே வருகிறது. ஒரு ஐசியின் கால்களுக்கு நடுவே ஷார்ட். பக்கத்தில் ஒரு கெப்பாசிட்டர் ஒற்றைக் காலில் நிமிர்ந்து நிற்கிறது. உடனே யாராவது, "இன்னும் பத்து டிகிரி ஏத்திப் பாருங்க" என்பார்கள். அசெம்பிளியில் நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான். ஓவனைத் தாண்டி வந்தபின் கண்ணில் படும் குறைகளில் பெரும்பாலானவை ஓவனுக்குள் போவதற்கு முன்பே உண்டானவை.

சால்டர் பேஸ்ட்டிலிருந்தே, அதாவது சால்டர் பொடியும் ஃப்ளக்ஸும் (உலோகத்தைச் சுத்தமாக்கிச் சால்டர் ஒட்ட உதவும் பொருள்) கலந்த பசையிலிருந்தே, தொடங்கலாம். அதை ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். வெளியே எடுத்த பிறகுதான் கோட்டை விடுகிறார்கள். அவசர ஆர்டர் என்றால் டப்பாவை எடுத்த கையோடு மூடியைத் திறந்துவிடுவார்கள். சென்னை மாதிரி ஈரக்காற்று உள்ள ஊரில் குளிர்ந்த பேஸ்ட்டின் மேல் நொடியில் நீர் படியும். அந்த நீர் ஓவனில் கொதித்துத் தெறிக்க, ஐசியைச் சுற்றிப் பொடிப்பொடியாகச் சால்டர் உருண்டைகள் சிதறிக் கிடக்கும். மூடியைத் திறக்காமலே நாலு மணி நேரம் போல வெளியே வைத்து, அப்புறம் கலக்குங்கள். ஹீட்டர் பக்கத்தில் வைத்து அவசரப்படுத்தினால் ஃப்ளக்ஸ் பிரிந்துவிடும்.

பேஸ்ட்டைப் போர்டில் அச்சிடும் துளையிட்ட தகடான ஸ்டென்சிலின் அடிப்பக்கத்தை அடிக்கடி துடைக்காவிட்டால், அங்கே ஒட்டிய பேஸ்ட் நெருக்கமான கால்களுக்கு நடுவே பரவும். ஷார்ட்டுக்கு முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

சரி, நிமிர்ந்து நின்ற அந்தக் கெப்பாசிட்டர்? 0402 அளவு என்றால் 1 மி.மீ. நீளம், அரை மி.மீ. அகலம்தான். அது உட்காரும் இரண்டு பேட்களில் (செம்புத் திட்டுகளில்) ஒன்று மெல்லிய டிராக்கில் (செம்புக் கோட்டில்) முடிகிறது. மற்றது அகலமான கிரவுண்ட் செம்போடு நேரடியாக இணைந்திருக்கிறது. கிரவுண்ட் செம்பு வெப்பத்தை இழுத்துக்கொள்வதால் அந்தப் பக்கம் தாமதமாக உருகும். முன்னால் உருகிய பக்கத்துச் சால்டரின் பரப்பு இழுவிசையே உதிரியைத் தூக்கி நிறுத்திவிடுகிறது. இது வடிவமைப்பில் நேர்ந்த பிழை. கிரவுண்ட் பேட்டை நாலு மெல்லிய இணைப்புகள் வழியே செம்போடு சேர்த்திருந்தால் போதும். போர்டு ஏற்கெனவே தயாராகிவிட்டதென்றால், உருகுநிலையை நெருங்கும்போது சூடு ஏறும் வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். உச்ச வெப்பத்தைக் கூட்டுவது இதற்கு மருந்தல்ல.

கூட்டவும் அதிகம் இடமில்லை. மின்னணுப் பொருள்களில் காரீயம் போன்றவற்றைக் கட்டுப்படுத்தும் ஐரோப்பிய ஒன்றியத்தின் ரோஸ் (RoHS) விதி 2006 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்ததும் காரீயம் இல்லாத சால்டர் பரவியது. பழைய 63/37 (63 சதவீதம் வெள்ளீயம், 37 சதவீதம் காரீயம்) சால்டர் 183 டிகிரியில் உருகும். இன்று பரவலாக உள்ள, வெள்ளீயம், வெள்ளி, செம்பு கலந்த எஸ்ஏசி305 சால்டர் உருகத் தொடங்குவதே 217 டிகிரியில். சிறிய ஐசிகள் பலவற்றுக்கு 260 டிகிரிதான் எல்லை, பெரியவற்றுக்கு அதைவிடக் குறைவு. அதிலும் ஐசி ஈரம் உறிஞ்சியிருந்தால் உள்ளே ஆவி பொங்கி உறையே விரிசல் விடும். ஈர உணர்திறன் நிலை 3 என்று குறித்த ஐசியை, அது வரும் ஈரம் புகாத பையைப் பிரித்த 168 மணி நேரத்துக்குள் சால்டர் செய்ய வேண்டும். அதுவும் 30 டிகிரி, 60 சதவீத ஈரப்பதத்தைத் தாண்டாத அறையில். ஏசி இல்லாத ஷெட்டில் இந்தக் கணக்கை நம்பாதீர்கள்.

இன்னொன்று: காரீயமில்லாத சால்டர் இயல்பாகவே மங்கலாகத் தெரியும். அதை டிரை சால்டர் (சரியாக ஒட்டாத இணைப்பு) என்று நினைத்து, நன்றாக இருக்கும் இணைப்பை மறுபடி சூடாக்குகிறார்கள். பளபளப்பைப் பார்க்காதீர்கள், சால்டர் பேட்டிலும் காலிலும் ஓரம் வரை வழுவழுப்பாகப் படர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கை சால்டரிங்கிலும் இதே பழக்கம்தான். சால்டரிங் அயர்னின் நுனியான பிட் கறுத்துப்போய்ச் சால்டர் ஒட்டாதபோது 350-லிருந்து 420-க்கு ஏற்றுவார்கள். பிட் இன்னும் வேகமாகக் கறுக்கும், பேட் போர்டிலிருந்து பெயர்ந்து வரும். பிட்டைச் சுத்தம் செய்து புதுச் சால்டர் பூசுங்கள், கொஞ்சம் ஃப்ளக்ஸ் வையுங்கள், அகலமான பிட்டுக்கு மாறுங்கள். பேட், கால் இரண்டையும் சேர்த்துச் சூடாக்கி, சால்டர் கம்பியைப் பிட்டில் வைக்காமல் இணைப்பில் கொடுங்கள்.

இத்தனையும் பார்த்த பிறகும் ஓவனைத் தொட வேண்டியிருந்தால், திரையில் தெரியும் எண்ணை நம்பி மாற்றாதீர்கள். அது போர்டின் வெப்பநிலை அல்ல. போர்டில் உள்ளதிலேயே கனமான உதிரியின் காலில் ஒரு தெர்மோகப்பிள் (வெப்பநிலையை அளக்கும் மெல்லிய கம்பி), சின்னஞ்சிறு ரெசிஸ்டரின் அருகே இன்னொன்று ஒட்டி ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்தபின் முடிவு செய்யுங்கள்.