நான்கு நொடி இருட்டைப் பதிவு செய்வது எப்படி?

நெப்டியூனுக்கு அப்பால் சுற்றும் 100 கிலோமீட்டர் பாறை எந்தத் தொலைநோக்கியிலும் வெறும் புள்ளிதான். அதே பாறை ஒரு நட்சத்திரத்தை மறைத்தால், அதன் நிழல் ஏறக்குறைய அதே 100 கிலோமீட்டர் அகலத்தில் பூமியின்மேல் ஓடும். நட்சத்திர ஒளி இணைகதிர்களாக வருவதே காரணம். நிழல் நொடிக்கு 25 கிலோமீட்டர் ஓடினால், பாதையின் நடுவில் இருப்பவருக்கு நட்சத்திரம் 4 நொடி காணாமல் போகும். அந்த 4 நொடியைப் பிடித்தால் பாறையின் குறுக்களவு ஒன்று கையில் கிடைத்தாயிற்று. நேரம் 0.1 நொடி பிசகினால் அளவு 2.5 கிலோமீட்டர் பிசகும்.

எதை, எப்போது பார்ப்பது

‘அக்கல்ட் வாட்சர்’ என்ற இலவச மென்பொருளில் உங்கள் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொடுங்கள். வரப்போகும் மறைப்புகளின் பட்டியல் வரும். 20 செ.மீ. தொலைநோக்கி என்றால் 12ஆம் ஒளித்தரம் (எண் கூடக்கூட நட்சத்திரம் மங்கல்) வரையிலான நட்சத்திரங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தொலைதூரப் பொருள்களின் நிழல் பாதை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளிப்போகலாம். அதனால் முதல் சில மாதம் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையிலுள்ள சிறுகோள்களில் பழகுங்கள். செய்முறை ஒன்றுதான், வாய்ப்பும் அடிக்கடி வரும்.

கணிப்பு நேரம் யுடிசியில், அதாவது இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி பின்தங்கிய உலகப் பொது நேரத்தில் இருக்கும். ‘14ஆம் தேதி 20:40’ என்றால் நமக்கு 15ஆம் தேதி அதிகாலை 2:10. இதைக் கவனிக்காமல் ஒரு நாள் தவறவிடுபவர்கள் உண்டு.

முந்தைய இரவு ஒத்திகை

இதைத் தவிர்க்கவே கூடாது. நட்சத்திரங்கள் தினமும் சுமார் 4 நிமிடம் முன்னதாக உதிக்கின்றன. ஆகவே நாளை 22:00 மணிக்கு மறைப்பு என்றால், இன்று 22:04க்கு அதே நட்சத்திரம் அதே இடத்தில் நிற்கும். மரமோ மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியோ மறைக்கிறதா என்று அப்போதே தெரிந்துவிடும்.

ஒளிப்பதிவுக்குக் கருப்பு-வெள்ளை சிமாஸ் கேமரா நல்லது. எக்ஸ்போஷரை (ஒரு பிரேம் ஒளியைச் சேர்க்கும் நேரத்தை) 0.1 நொடியில் தொடங்கி, நட்சத்திரம் ஒவ்வொரு பிரேமிலும் இரைச்சலுக்கு (படத்தின் பின்னணிப் புள்ளிகளுக்கு) மேலே தெளிவாக நிற்கும்வரை கூட்டுங்கள். அதற்கு மேல் வேண்டாம்: பிரேம் நீளமானால் மறைந்த கணம் மங்கிப்போகும். பிறகு ஒப்பிட்டுப் பார்க்க, அருகிலுள்ள இன்னொரு நட்சத்திரமும் படச்சட்டத்துக்குள் இருக்கட்டும். கோப்பு எஸ்இஆர் அல்லது ஃபிட்ஸ் என்ற வானியல் பட வடிவில் இருக்க வேண்டும். சுருக்கிய வீடியோ ஒளியளவைக் கெடுத்துவிடும்.

நேரம்

பெரும்பாலான பதிவுகள் வீணாவது இங்கேதான். கணினிக் கடிகாரத்தை இணையத்தோடு ஒத்திசைத்தாலும், பிரேம் யுஎஸ்பி வழியாக வந்துசேரும் தாமதம் தனியாக ஒட்டிக்கொள்ளும். ஜிபிஎஸ் உள்ளடங்கிய கேமரா ஒவ்வொரு பிரேமிலும் நேரத்தைப் பதிக்கும். அது இல்லையென்றால், நொடிக்கொரு முறை ஜிபிஎஸ் துடிப்பில் மின்னும் சிறு எல்இடியைத் தொலைநோக்கியின் வாயருகே வைத்து, பதிவின் தொடக்கத்திலும் முடிவிலும் சில மின்னல்களைப் பதியுங்கள்.

அந்த இரவு

கணித்த நேரத்துக்கு 5 நிமிடம் முன்பே பதிவைத் தொடங்குங்கள். 5 நிமிடம் கழித்தே நிறுத்துங்கள். நடுவில் குவியத்தைத் தொடாதீர்கள். இந்தக் கூடுதல் நிமிடங்கள் வீண் அல்ல. 1977 மார்ச் 10 அன்று, விமானத்தில் தொலைநோக்கி பொருத்திய கைப்பர் பறக்கும் ஆய்வகம் கருவியை முன்கூட்டியே ஓடவிட்டிருந்தது. யுரேனஸ் மறைப்பதற்கு முன்பே நட்சத்திரம் சில தடவை மங்கியது பதிவானது. தமிழ்நாட்டின் காவலூர் வான்நோக்ககத்தின் 102 செ.மீ. தொலைநோக்கியும் அன்று அப்படியொரு மங்கலைப் பிடித்தது. யுரேனஸின் வளையங்கள் வெளிப்பட்டது அப்படித்தான்.

வரைபடம் சொல்வது

பதிவை ‘டாங்ரா’ அல்லது ‘பைமூவி’ என்ற ஒளி அளக்கும் மென்பொருளில் திறந்து இரண்டு நட்சத்திரங்களின் ஒளியையும் அளந்து கோடாக வரையுங்கள். இரண்டும் சேர்ந்து சரிந்தால் மேகம். இலக்கு மட்டும் செங்குத்தாக விழுந்து செங்குத்தாக எழுந்தால் மறைப்பு. புளூட்டோவில் அந்த விளிம்பு சரிவாக வரும். அங்கே வளிமண்டலம் இருப்பதை 1988இல் உறுதிப்படுத்தியது இந்தச் சரிவுதான்.

ஒன்றுமே மறையவில்லையா? மறைப்புப் பதிவுகளைத் திரட்டும் குழுவுக்கு அதையும் அனுப்புங்கள். 2017 ஜூலை 17 அன்று அர்ஜென்டினாவில் வரிசையாக நிறுத்திய 24 தொலைநோக்கிகளில் ஐந்துதான் நெப்டியூனுக்கு அப்பாலுள்ள அரோகோத் என்ற பாறையின் நிழலைப் பிடித்தன. பாறை எதுவரை நீளவில்லை என்பதைச் சொன்னவை மற்றவை. உங்கள் அறிக்கையில் அட்சரேகை, தீர்க்கரேகை, கடல்மட்ட உயரம், பதிவு தொடங்கி முடிந்த யுடிசி நேரம், எக்ஸ்போஷர் ஆகிய ஐந்தும் கட்டாயம் இருக்கட்டும்.